கரண்ட் இல்லாத முகாமில் ஒரு ரேடியோ

வாப்பாவின் பழைய வால்வு ரேடியோவைத் திருத்தலாமென்று பின்பலகையைக் கழற்றியபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு பிடி வெண்மணல் கொட்டியது. கற்பிட்டியில் நாங்கள் இருந்த அகதி முகாமின் மணல் அது. அந்த இடத்தில் இப்போது உல்லாச விடுதி ஒன்று நிற்கிறது.

மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கத்துக்காரர்கள் விரட்டி, சாமான்களைப் பறித்தபோது, பழசென்று யாரும் எடுக்காத அந்த ரேடியோவை வாப்பா தோணியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். முகாமில் கரண்ட் இல்லை. ஆனாலும் அஸர் தொழுகை முடிந்ததும், ஓலைக் கூரையைக் கடற்காற்று உரசிக்கொண்டிருக்க, அவர் சாரன் நுனியால் டயல் கண்ணாடியைத் துடைத்து, முள்ளைக் கொழும்பிலிருந்து சென்னைக்கும் டெல்லிக்கும் மெல்ல நகர்த்துவார். நானும் தம்பியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்தந்த ஊர்ச் செய்தியை வாசிப்போம். அடுப்படியில் உம்மா சிரிப்பார். இப்படியே பதினொரு வருசம் போனது.

நேற்று, முகாமை விட்டு வந்து புத்தளத்தில் கட்டிய எங்கள் வீட்டில், புதிய கண்டென்சர்களைப் பற்றவைத்து முடித்தேன். வால்வுகள் சிவந்தன. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் செய்தி வாசித்தது. உம்மா வந்து கதிரையில் உட்கார்ந்து, செய்தி முடியும்வரை கேட்டார்.

“கரண்ட் உள்ள ஊட்டுல அவரு ரெண்டு மாசந்தான் இரிந்தாரு, புள்ள” என்றார்.

சத்தத்தைக் குறைக்கவா என்று கேட்டேன்.

“வாணா. இரிக்கட்டும்.”