இட்பிடு

பெங்களூர்ல எனக்கு கன்னடம் பாதி புரியும். அந்தப் பாதிதான் ஆபத்து. விவேக் நகர் பீ.ஜி.ல மொத நாள், சாதம் போடுற ஆன்ட்டி கரண்டியோட நின்னு "சாக்கா?"ன்னாங்க. சாக்கு சொல்றேன்னு நெனைக்கிறாங்க போலன்னு "ஐயோ இல்ல ஆன்ட்டி"ன்னேன். இன்னும் ரெண்டு கரண்டி விழுந்துச்சு. போதுமான்னு கேட்டிருக்காங்க. எங்க ஊரு வாணியம்பாடில இருந்து மூணு மணி நேரம் ரயிலு, இதெல்லாம் ஒரு வெளியூராடான்னு சிரிப்பீங்க. சிரிங்க. அடுத்து நான் பண்ணதுக்கு சிரிப்பு வராது.

என் வேலை ஒரு ராட்சச ரேடியோ கேலக்சியோட டேட்டாவ சுத்தம் பண்ணி படம் ஆக்குறது. நடுவுல கருந்துளை, அது ரெண்டு பக்கமும் ஜெட்டா பீச்சும், ஜெட் போய் முட்டுற எடத்துல ரெண்டு பெரிய மேகம். லோப்னு சொல்வோம். கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ டிஷ்ல மட்டும்தான் சிக்கும். தூரத் தூரமா நிக்கிற டிஷ்ஷுங்க நுணுக்கத்தைக் காட்டும். பக்கத்துல பக்கத்துல நிக்கிறதுங்கதான் மங்கலான மேகத்தைக் காட்டும், ஆனா அதுலதான் கண்ட இரைச்சலும் ஏறும். காவ்யா அக்கா என் பிஎச்டி சீனியர், ஹாசன்காரங்க. இந்தப் படம் அவங்க தீசிஸுக்குத்தான். நல்லா தமிழ் பேசுவாங்க, அவசரம்னா கன்னடம்தான். அவங்க பஸ்ல இருக்கும்போது ஃபோன் போட்டு, "அக்கா, கிட்ட இருக்குற டிஷ் டேட்டா ஒரே கொரகொரன்னு இருக்கு, என்ன பண்ண?"ன்னேன். ஹாரனுக்கு நடுவுல ஒரே வார்த்தை. எனக்கு "விட்டுடு"ன்னு விழுந்துச்சு. மொத்தமா தூக்கிட்டேன். படத்துல வடக்கு லோப் பளிச்சுன்னு இருக்கு, தெக்கால ஒண்ணுமே இல்ல. அக்கா என்னை நம்பி, ஒரு பக்கம் செத்துப்போன கேலக்சின்னு தீசிஸ்ல ஒரு சாப்டரே எழுதிட்டாங்க.

அப்புறம் வேற எதையோ செக் பண்ண ஒரிஜினல் டேட்டாவ முழுசா ஓட்டினேன். தெக்கால மேகம் புகை மாதிரி நிக்குது. எப்பவும் அங்கயேதான் இருந்திருக்கு. மூணு நாள் வாயத் தொறக்கல. அதுல ஒரு நாள் அக்கா காபி வாங்கிக் குடுத்து, "உன்னாலதான் கணோ முடிஞ்சுது"ன்னாங்க. கணோன்னா நம்ம ஊரு 'டா'. குடிச்சுட்டு தேங்க்ஸ்னேன். தீசிஸ் குடுக்க வேண்டிய அன்னிக்குக் காலைலதான் சொன்னேன்.

"லோ! இட்பிடு அந்தெ கணோ! வச்சிருன்னு சொன்னா தூக்கி எறிவியா?"

"விட்டுடுன்னு கேட்டுச்சுக்கா."

"சரியா கேக்கலன்னா திருப்பிக் கேக்க என்னடா வெக்கம்? சரி, இந்த மூணு நாள்?"

அதுக்கு என்கிட்ட சாக்கு கூட இல்ல. கத்துனது பரவால்ல. அப்புறம் பேசாம லேப்டாப்பத் தொறந்து அந்த சாப்டரை மொத வரில இருந்து அழிச்சாங்க பாருங்க, அதான் இன்னும் உறுத்துது.

சாயந்தரம் அம்மா ஃபோன். வழக்கமா கட் பண்ணிடுவேன். சாப்டியா, தூங்குனியா, தெனமும் அதே கொரகொரப்பு. அன்னிக்கு எடுத்தேன்.

"டேய், உன் கட்டில் சும்மா எடத்த அடைக்குது. சித்தப்பா கேக்குறாரு, குடுத்துடவா?"

"இட்பிடுமா"ன்னு வாய்ல வந்துடுச்சு.

"என்னது? விட்டுடவா?"

"இல்லமா, இல்ல! வச்சிரு. அங்கயே இருக்கட்டும்."

"சரி, வச்சிருக்கேன். எப்ப வந்து படுக்கப் போற?"

ரெண்டு பாஷைலயும் தேடிப் பாத்தேன். "கட் பண்ணாதமா, ரயிலு பாத்துச் சொல்றேன்"னேன்.