நிச்சயதார்த்தப் பட்டில் தைத்த கத்திரிக்காய்

போன வருஷம், ஆடி முடிந்து ஆவணி பிறந்த வாரம். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருமுனைத் தையல்கடையில் நடந்தது இது.

எனக்கு கில்ட் தைக்கிற பைத்தியம் உண்டு. போர்த்திக்கொள்கிற கில்ட் இல்லை, சுவரில் மாட்டுவது. மேலே வெட்டுத் துணிகளில் ஒரு படம், நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, யூடியூபைப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. அந்த முறை சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் சொம்பையும் மூன்று கத்திரிக்காயையும் வைத்து, அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். காயை யாரும் தொடக் கூடாது என்று வீட்டில் கட்டளை. "சாமிக்குப் படைச்சிருக்கியா, இல்ல சாம்பாருக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். முதல் நாளே பச்சைத் துணியில் காம்புகளைத் தைத்துவிட்டேன். தோலுக்குத்தான் சரியான துணி அமையவில்லை.

தையல்கடைக்காரர் மிச்சத் துண்டுகளை ஒரு பையில் போட்டு வைப்பார். சனிக்கிழமைதோறும் அது எனக்கு. அந்தச் சனிக்கிழமை பைக்குள் கையை விட்டால் ஊதாப் பட்டு, வெளிச்சத்தில் திருப்பினால் கறுப்பாக மினுங்குகிறது. கத்திரிக்காய்த் தோலேதான்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிச்சத் துண்டு என்றால் உள்ளங்கை அகலம், மிஞ்சினால் ஒரு முழம். இது முழு ஜாக்கெட் துணி, கத்திரி படவே இல்லை. கைக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர், பேர் விசாரிக்காமல் இறங்காத நான், அன்று வாயைத் திறக்கவில்லை. 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பழமொழியில் அது ஒரு சௌகரியம். நாம் எதைச் செய்தாலும் அதற்குத் தோதாக ஒன்று இருக்கும்.

புதன்கிழமை கில்ட் முடிந்தது. நிஜக் காயைவிட மூன்று மடங்கு பெரிய காய்கள். போட்டோ எடுத்து, என்னைப் போலவே கில்ட் தைக்கிற தோழிகளுக்கு அனுப்பினேன். "செம" என்றார்கள், "காயை எடுத்துச் சமைக்கலாம் போலிருக்கு" என்றார்கள். நான் தரையில் இல்லை.

வியாழக்கிழமை கடைக்காரரிடமிருந்து போன். "அக்கா, பையில பட்டுத் துணி ஏதாச்சும் வந்துச்சா? கை தவறிப் போட்டுட்டேன் போல. ஞாயித்துக்கெழம துணி குடுத்த அம்மாவோட பொண்ணுக்கு நிச்சயம்கா. சேலையோட வந்த துணி, அந்தக் கலரு வேற எங்கயும் கெடைக்காது."

'வரவில்லையே' என்று ஒரு சொல் போதும். நாக்கு நுனி வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. கில்ட்டையும் மிஞ்சிய பட்டையும் சுருட்டிக்கொண்டு போனேன்.

துணிக்குச் சொந்தக்காரம்மா அங்கே நின்றிருந்தார். இரண்டு தெரு தள்ளித் தள்ளுவண்டியில் காய்கறி விற்கிறவர். நான் கில்ட்டை விரித்தேன். அவர் பட்டுக் காயை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, ஆனேக்கல்ல சம்பந்திங்க முன்னாடி நான் கத்திரிக்காய மாட்டிக்கினு நிக்கணுமா?"

கடைக்காரர் மிஞ்சிய பட்டை மேசையில் போட்டு அளந்தார். உடம்புக்குச் சரி, ஒரு கைக்கும் சரி. இன்னொரு கைக்கு இல்லை. படத்திலிருக்கும் பெரிய காயைப் பிரித்தால் ஒட்டுப் போட்டு ஒப்பேற்றலாம். நல்லவேளை, பசை போடாமல் தைத்திருந்தேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன்.

பட்டில் ஊசி ஓட்டை மறையாது. "ஒட்டுப் போட்ட எடத்தக் கக்கத்துப் பக்கம் தள்ளிடறேன்மா, கையத் தூக்குனாதான் தெரியும்" என்றார் கடைக்காரர்.

"அப்ப அன்னிக்குப் பூரா கையக் கட்டிக்கினு நிக்கறேன், போ" என்றார் அந்த அம்மா. கோபம் போகவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது. பிறகு என் மடியிலிருந்த கில்ட்டைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சொம்பு ஷோக்கா இருக்குது. காயிதான் தப்பு."

"என்னக்கா தப்பு?"

"காம்பப் பாரு, இப்பதான் பறிச்ச மாதிரி நிமிந்துனு நிக்குது. தோலு நாலு நாளு கெடந்தது. ஒரே காயில ரெண்டு நாளா? என் வண்டியில இருந்தா எடுத்துத் தூர போட்டிருப்பேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காம்பைத் தைத்து, பட்டு கிடைத்து, தோலைத் தைப்பதற்குள் மேடையிலிருந்த காய் வாடிவிட்டது. வாடிய சுருக்கத்தையும் நான் அப்படியே தையலில் கொண்டுவந்திருக்கிறேன். தினமும் பார்த்த எனக்கே தெரியவில்லை. மெச்சிய தோழிகளுக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜாக்கெட் தயாராகிவிட்டது. நிச்சயத்துப் போட்டோவைக் கடைக்காரர் அடுத்த வாரம் காட்டினார். அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார், முழங்கை இரண்டும் இடுப்போடு ஒட்டியிருக்கிறது.

மிச்சமிருந்த இரண்டு காய்களின் காம்பையும் பிரித்து, வாடிய காம்பாகவே திரும்பத் தைத்தேன். மூன்றாவது காய் இருந்த இடம் வெறும் ஊசி ஓட்டைகளோடு அப்படியே இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியில் தோழி வீட்டில் கூடியபோது, "இந்தக் காலி இடத்துலதான் எவ்ளோ ஆழம்!" என்றாள் ஒருத்தி. சிரித்துவிட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

என்னைத் திட்டித் தீர்க்க எல்லா நியாயமும் இருந்தவர், திட்டியதோடு நிற்காமல் என் தையலைக் குனிந்து பார்த்து உள்ளதைச் சொன்னார். அதைவிடப் பெரிய மரியாதையை இன்றுவரை என் வேலைக்கு வேறு யாரும் செய்ததில்லை.