கோடிச் சேலையும் வெளியே தள்ளிய சக்கரமும்

என் மகன் காருக்குச் சக்கரம் மாற்றிய அன்று நானும் அந்தக் கடையில் இருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் அழைத்துப் போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தான். அதற்கு முன்பே ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தான். குனிந்து ஏறி, கையூன்றித்தான் இறங்க வேண்டும். நான் ஒரு நாளும் அதைக் குறை சொன்னதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் கிடையாது.

கடைக்காரர் பெரிய சக்கரம் ஒன்றைத் திருப்பி, உள்பக்கம் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அதற்கு ஆஃப்செட் என்று பெயராம். வண்டியோடு வந்த சக்கரத்தில் நாற்பத்தைந்து. மகனுக்குப் பிடித்ததில் இருபத்தைந்து.

"நம்பர் கொறையக் கொறைய வீலு வெளிய தள்ளும் மாப்ள. நீ வேற வண்டிய எறக்கி வச்சிருக்க. மட்கார்டுல ஒரசும்."

"உள்ள அடங்கிக் கெடந்தா அது என்ன வீலுண்ணே? காளை மாதிரி தோள விரிச்சு நிக்கணும்."

"அப்ப ஆள ஏத்தாம ஓட்டு" என்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டார்.

சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மகன் ஒரு சுற்றுப் போய்வந்தான். "துளி சத்தம் இல்லம்மா" என்றான். வண்டிக்குள் அவன் ஒருவன்தான் இருந்தான். அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஐப்பசியில் என் அக்கா இறந்துபோனாள். சோழவந்தானுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. வாழப்போன பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போய் அவள் மேல் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள். எங்களோடு ஆண் யாரும் பிறக்கவில்லை. பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

"மழை கருத்துக்கிட்டு வருது. வெரசா வந்துருங்க" என்று அத்தான் வீட்டிலிருந்து போன் வந்தது. சித்தப்பா மகள்கள் மூவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சேலையை மடியில் வைத்து முன்னால் உட்கார்ந்தேன்.

ஊர் எல்லை தாண்டும் முன்பே நரநரவென்று சத்தம்.

"ஏப்பா, வண்டி என்னமோ பல்லக் கடிக்குது" என்றாள் பெரியவள்.

"ஒண்ணுமில்ல சின்னம்மா."

ஒவ்வொரு வேகத்தடையிலும் கடித்தது. ரப்பர் தீய்கிற நாற்றம். வாய்க்கால் ஓரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வெடித்தது. இடது பின்சக்கரத்து டயரை மட்கார்டு விளிம்பு சீவியிருந்தது. ஸ்டெப்னியை மாட்டினான். அது பழைய சக்கரம். உள்ளே அடங்கி நின்றது. ஆனால் வலது பக்கத்திலும் டயர் பாதி அறுந்திருந்தது. அதற்கு மாற்று இல்லை.

மகன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பின்னால பாரம் கூடாதும்மா" என்றான்.

மூவரும் இறங்கினார்கள். "நீ போக்கா. கோடி போய்ச் சேரட்டும். நாங்க பஸ்ஸுல வாரோம்."

நான் மட்டும் போனேன். வண்டி ஊர்ந்தது. கண்ணாடியில் மழைத்துளி விழுந்தது.

போனபோது பந்தலில் நாற்காலிகள்தான் இருந்தன. வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீர் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வந்து, முதலில் காரைப் பார்த்தாள்.

"அம்புட்டு நேரம் பொணத்த வச்சுக்கிட்டுக் கெடந்தோம். பொறந்த வீட்டுல இருந்து ஒரு நூலு வரல. எங்க கையால கோடி போட்டுத் தூக்கிட்டோம்." பிறகு மற்ற பெண்கள் பக்கம் திரும்பினாள். "சக்கரம் என்னமா மின்னுது பாருங்கடி."

சுடுகாட்டுக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை. சேலையை மகன் கையில் கொடுத்தேன். ஆற்றங்கரைப் பக்கம் ஓடினான். நான் நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

நனைந்து திரும்பி வந்தான்.

"மொகத்த மூடிட்டாங்கம்மா. நான் போட்டுட்டேன்."

"அவ மேலயா?"

"வரட்டி மேலம்மா."

காரியம் முடிந்த பிறகு அதே கடைக்குப் போய், நாற்பத்தைந்து போட்ட சக்கரமாகப் பார்த்து வாங்கினான். இந்த முறை சித்தப்பா மகள்கள் மூவரையும் என்னையும் வீட்டுக்கு வந்து கூட்டிப்போய், வண்டியில் ஏற்றி, வேகத்தடை உள்ள தெருக்களாகப் பார்த்து ஓட்டினான். ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சத்தம் வருதாம்மா?"

"வரல" என்றேன். வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னேன்.