பத்தாவது டோஸ்

எலிசபெத்துக்குக் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. மாரெட்பள்ளிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில், கொரோனா ஊசி போட வருகிறவர்களின் பெயர், ஆதார் எண், பிறந்த வருடம், கடைசியாக அவர்கள் போனுக்கு வந்திருக்கும் நாலு இலக்க ரகசிய எண் எல்லாவற்றையும் ஏற்றுவாள். ஏற்றிய சற்று நேரத்தில் ஊசி போட்டாயிற்று என்று அவர்கள் போனுக்குச் செய்தி வரும். சிலருக்கு ஊசிக்கு முன்பே செய்தி வந்துவிடும். "கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, இனி கையில போட்டுக்குங்க" என்று சிரிப்பாள். ஒரு காலத்தில் அது வெறும் வேடிக்கைப் பேச்சாக இருந்தது.

தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்த குடும்பம். அப்பா ஃபெலிக்ஸ் 2021 ஏப்ரலில் கொரோனாவில் போனார். முதல் ஊசிக்கு மூன்று முறை வரிசையில் நின்று, மருந்து தீர்ந்துவிட்டது என்று மூன்று முறையும் திரும்பியவர். அவரை எடுக்க ஆள் வரவில்லை. சொந்தக்காரர்கள் போனிலேயே அழுதார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வரிசை வீட்டுக் குமரவேல் மட்டும் நீல பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து, காலைத் தானே பிடித்துத் தூக்கினார். குழிக்குள் இறக்கும்வரை நின்றார். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது என்று அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் மாதம் அவரே வழி காட்டினார்.

குமரவேல் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்: ஊசி போடாதவர் உள்ளே வர வேண்டாம், வராத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. இருபது வருடமாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்போடு புழங்கிய மனிதர் அவர். ஊசி என்றால் மட்டும் வெலவெலத்துப் போவார். ஊசி போட்ட மூன்றாம் நாள் மச்சான் இறந்ததை வேறு பார்த்திருந்தார். மச்சானுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு என்பதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நக்கோ எலிசு, எனக்கு வேணாம். இது என் உடம்பு. வாசல்ல நோட்டீஸ் ஒட்டுறவன் ஒடம்பா?"

"அண்ணே, சக்கரை வேற இருக்கு உங்களுக்கு."

"சக்கரை இருக்குறவன் பேரு கம்ப்யூட்டர்ல இருந்தா போதும். ஒரு பேரு ஏத்துறதுக்கு உனக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். சாயங்காலம் ஒன்பது பேரோடு கூட்டம் நின்றுவிட்டால் பத்தாவது டோஸ் வீண். வீணானதற்கு மேலிடத்தில் கேள்வி வரும். அன்று ஒன்பதோடு நின்றது. நர்ஸ் நஸ்ரின் குப்பியைத் தூக்கிப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். "இத வேஸ்ட்னு எழுதினா நாளைக்கு நம்மளத்தான் வறுப்பாங்க." எலிசபெத் குமரவேலுக்குப் போன் போட்டாள். அவர் நாலு எண்களைச் சொன்னார். பத்துக்குப் பத்து. கணக்கு நேராயிற்று. மிச்சம் இருந்த மருந்தோடு குப்பியை நஸ்ரின் சிவப்பு வாளிக்குள் போட்டாள்.

அப்பாவுக்குக் கிடைக்காத மருந்து அது. அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நடுங்கியது. செப்டம்பரில் இரண்டாவது டோஸுக்கும் அப்படியே செய்தபோது கை நடுங்கவில்லை. பின்னாளில் அவளை அதிகம் அறுத்தது அந்த நடுங்காத கைதான்.

2022 ஜனவரியில், பொங்கல் முடிந்ததும் குமரவேலுக்குக் காய்ச்சல் கண்டது. ரெண்டு ஊசியும் போட்டிருக்கிறாரே, தானாகச் சரியாகிவிடும் என்று அவர் மனைவி சுமலதா மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து குமரவேல் எலிசபெத்தைக் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"ஊசி போட்டியான்னு டாக்டர் கேக்குறாரு. என்னா சொல்லட்டும்?"

அவள் யோசித்தது ஒரு நொடிதான். அந்த நொடியில் அவள் நினைத்தது அவரை அல்ல, தன் வேலையை.

"போட்டாச்சுன்னே சொல்லுங்கண்ணே. கம்ப்யூட்டர்ல அப்டித்தான இருக்கு."

"ஹவ், அதுவும் சரிதான்" என்றார். ஆறு நாளில் இறந்துபோனார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கிப் பார்த்தாள். பிடி நிற்கவில்லை.

அந்தச் சாவு குவார்ட்டர்ஸ் முழுவதும் வாதமாகிவிட்டது. ரிட்டயரான நாராயணஸ்வாமி பால் பூத் முன்னால் நின்று, "ரெண்டும் போட்டவனே போய்ட்டான். ஊசி இல்லாட்டி சம்பளம் இல்லைன்னு குத்துறானுங்களே, இப்ப வந்து பதில் சொல்லட்டும்" என்பார். கட்டாயப்படுத்துவது சரியா என்பது நியாயமான கேள்வி. எலிசபெத்துக்கே அதில் தெளிவு கிடையாது. ஆனால் அவர் கையில் இருந்த சாட்சி பொய். அது பொய் என்று தெரிந்த எலிசபெத்தும் நஸ்ரினும்தான், வீடு வீடாகப் போய் இரண்டாவது டோஸுக்குக் கூப்பிட வேண்டிய அதே இரண்டு பேர். அந்த வாரம் ஏழு வீடுகள் குமரவேல் பெயரைச் சொல்லிக் கதவைச் சாத்தின.

பட்டியலில் எட்டாவது பெயர் சுமலதா: இரண்டாவது டோஸ் பாக்கி. அதன் கீழே மகள் தாரிணி, பதினாறு வயது, ஒன்றும் போடவில்லை.

"நான் சொல்லிடப் போறேன்" என்றாள் எலிசபெத்.

நஸ்ரின் தெருவிலேயே நின்றுவிட்டாள். "கைக்கு? எதுக்கு இப்ப? செத்தவரு திரும்பி வரப்போறாரா? எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க, ஞாபகம் வச்சுக்கோ."

"குப்பிய நான்தான் போட்டேன்னு சொல்றேன். உன் பேரு வராது."

"இதுலயும் ஒரு பொய்யா?" என்ற நஸ்ரின் எதிர் வரிசைக்குப் போய்விட்டாள்.

சுமலதா வீட்டில் குமரவேலின் படத்துக்குப் பக்கத்தில் அவருடைய ஊசிச் சான்றிதழ் லேமினேட் செய்து மாட்டியிருந்தது. தாரிணி கதவோரம் நின்றாள். "மம்மி, காலேஜ்லோ அடுகுதுன்னாரு, வேசுக்குன்டா" என்று தெலுங்கில் முணுமுணுத்தாள். காலேஜில் கேட்கிறார்கள், போட்டுக்கொள்கிறேன் என்கிறாள்.

"உங்கப்பா போட்டு என்ன கண்டாரு? சும்மா இரு" என்ற சுமலதா எலிசபெத் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு எலிசு. எல்லாம் முறையாத்தான பண்ணோம்? அந்த ஒரு ஆறுதல்லதான் ஒக்காந்திருக்கேன்."

சொன்னால் அந்த ஆறுதலும் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஊசி போடாமல் நிற்கும். எலிசபெத் சான்றிதழைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணன் போட்டுக்கல அக்கா. ரெண்டு தடவையும். நான்தான் பேர ஏத்தினேன். ஆஸ்பத்திரியிலயும் போட்டாச்சுன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

சுமலதா வலது கையால் தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்து கை வலிக்குதுன்னாரே. ராத்திரி பூரா ஒத்தடம் குடுத்தேன். ரெண்டாவது தடவ துணி சூடு தாங்காம என் கைதான் வெந்துச்சு. இந்தக் கையின்னாரு, அந்தப் பக்கமா படுக்கக்கூட இல்ல." அவள் உதடு சிரிப்புப் போலக் கோணியது. "மூணு நாள் கஞ்சி குடுத்துட்டு ஒக்காந்திருந்தேன்டி. போடலன்னு தெரிஞ்சிருந்தா மொத நாளே தூக்கிட்டு ஓடியிருப்பேன்ல?"

நாராயணஸ்வாமியிடமும் சொல்லிவிடுகிறேன், எல்லோரிடமும் சொல்கிறேன் என்று எலிசபெத் தடுமாறினாள்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள் சுமலதா. "உனக்காக இல்ல. பயந்தாங்கொள்ளி, பொய் சொல்லிச் செத்தான்னு என் புருஷன யாரும் பேசக் கூடாது. நீ இத வச்சுக்கிட்டே இரு."

வெளியே வந்தபோது எலிசபெத்துக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. வேலை போகாது. அந்த நிம்மதி வந்ததற்காகவும் அவள் தன்னை மன்னிக்கவில்லை. தப்பைச் சொல்லிவிட்டாள் என்று அவளைப் பாராட்ட முடியாது. சொன்னது ஒரு வீட்டுக்குத்தான். ஏழு வீடுகளின் கதவு சாத்தியபடியே இருந்தது.

மறுநாள் காலை தாயும் மகளும் நிலையத்துக்கு வந்தார்கள். சுமலதா முதலில் நஸ்ரினிடம் போய், ஊசிக்குழாயில் மருந்து ஏறுவதைக் கிட்டே நின்று பார்த்தாள். மகள் கையில் இறங்குவதைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டினாள். அதற்குப் பின்தான் மேஜைக்கு வந்தாள். எலிசபெத்துக்கு எதிரே கிடந்த நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அவள் முதுகுக்குப் பின்னால், திரை தெரியும்படி நின்றுகொண்டாள்.

"இப்ப ஏத்து" என்றாள்.

தாரிணி தன் போனைப் பார்த்து நாலு எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். எலிசபெத் ஒவ்வொன்றாக அடித்தாள். கை நடுங்கி மூன்றாவது எண் தப்பாக விழுந்தது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். சுமலதா பின்னாலிருந்து நகரவில்லை.