பெட்டிக்குள் இல்லாத டிஸ்க்

போன புதன்கிழமை மத்தியானம் பார்வதி அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை... தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடம்.

"ஒன் மதினி என்னைய நல்லா ஏமாத்திட்டா, ஏட்டி!"

கேஸை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிற ஆள் நான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். யாராவது குரலை உயர்த்தினால், தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும் என்றே முதலில் தோன்றும்.

அக்கா சம்புடத்தைத் திறந்து காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காகிதம். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். எங்கள் மாட்டுங்கா லேபர் கேம்ப் சந்தில் மூன்று பெண்கள் வீடியோ கேம் ஆடுகிறோம். சிரிக்காதீர்கள். பார்வதி அக்கா, என் அண்ணன் மனைவி செல்வி மதினி, நான். மூன்று வீட்டிலும் பிள்ளைகளுக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் கன்சோல்கள் இருந்தன. பிள்ளைகள் மொபைலுக்குப் போய்விட்டார்கள். கன்சோல் சும்மாதானே கிடக்கிறது? ஆண்கள் பட்டறைக்கும் கடைக்கும் போய், சமையலும் முடிந்து, குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும். அது எங்களுடையது. ஆடுவது கார் ரேஸ். மூன்று பேரில் ஒருவருக்கும் நிஜக் கார் ஓட்டத் தெரியாது!

கேமைப் பங்கு போட்டுத்தான் வாங்குவோம். ஒரு டிஸ்க், மூன்று வீடு. ஆளுக்கு ஒரு வாரம். முறை முடிந்ததும் துணியால் துடைத்து, சம்புடத்தில் வைத்து அடுத்த வீட்டில் சேர்த்துவிட வேண்டும். (பிளாஸ்டிக் டப்பாவை எலி கடித்துவிட்டதால் வந்தது இந்தச் சம்புடம்.) கீறல் விழுந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு சண்டை கிடையாது.

இந்தத் தடவை நாங்கள் ஆடும் ரேஸ் கேமின் புதுப் பதிப்பு வந்திருந்தது. பெரிய கம்பெனி. பளபளக்கிற அட்டை. சயான் பக்கம் ஒரு கடையில் மதினிதான் வாங்கி வந்தார். முதல் வாரம் அவர் முறை. டப்பாவைத் திறந்தால்... டிஸ்க் இல்லை. சுரண்டினால் ஒரு எண் தெரிகிற காகிதம்தான் இருந்தது.

மதினி சுரண்டினார். எண்ணைக் கன்சோலில் அடித்தார். நெட்டிலிருந்து கேம் இறங்கியது. ஒரு வாரம் ஆடினார். பிறகு, முறைப்படி, அந்தக் காகிதத்தைச் சம்புடத்தில் வைத்துப் பார்வதி அக்கா வீட்டில் கொடுத்துவிட்டார்.

அக்கா அதே எண்ணை அடித்தார். இந்தக் கோட் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்றது திரை. நாலு தடவை அடித்தார். நாலு தடவையும் அதே பதில்.

"அவ வீட்டுல மட்டும் ஓடுது, என் வீட்டுல ஓட மாட்டேங்கு. தெரிஞ்சேதான் வெறுங்காயிதத்த அனுப்பிருக்கா. இனிமே பங்கும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது."

நான் மதினி வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. மதினி அழவில்லை. அதைவிட மோசம்... அமைதியாகப் பேசினார்.

"என்னையத் திருடின்னு சொன்னவ மூஞ்சில இனி முழிக்க மாட்டேன். நீயும் அப்படித்தான் நெனைக்கியா?"

இரண்டு நாள் அவர்கள் பேசவில்லை. குழாயடிக்கு ஒருவர் வந்தால் மற்றவர் பாதிக் குடத்தோடு கிளம்பினார். பத்துக்குப் பத்து கோலிகள், அதாவது ஒற்றை அறை வீடுகள், தோளோடு தோள் உரசி நிற்கிற சந்தில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை தெரியுமா? எனக்குச் சோறு இறங்கவில்லை. கேம் கிடக்கட்டும். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் சேர்ந்து உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஒரு துண்டுக் காகிதத்தால் பிரிந்துவிடுவார்களா?

கவலைப்படுகிறவர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. மற்றவர்கள் ஒரு தடவை பார்ப்பதை நாங்கள் பத்துத் தடவை பார்ப்போம். வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணுக்கு மேலே செல்லோடேப். ஓரம் பிசிறாமல், நகத்தால் நீவி ஒட்டியிருந்தது.

"யக்கா, இந்த டேப்ப நீங்களா ஒட்டுனீங்க?"

"நான் எதுக்கு ஒட்டுதேன்? அப்படியேதான் வந்துச்சு."

"அப்போ மதினிதான் ஒட்டியிருக்காங்க. ஒங்க கைக்கு வந்து, பொறவு என் கைக்கு வாரதுக்குள்ள நம்பர் அழிஞ்சிரக் கூடாதுன்னு. ஏமாத்துதவ டேப் ஒட்டுவாளா?"

அக்கா காகிதத்தை வாங்கி, டேப்பை விரலால் தடவினார்.

"பின்ன ஏன் ஓட மாட்டேங்கு?"

அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். கேம் தொடங்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன் வருமே... அதற்கு மேலே முடிவில்லாமல் நீளுகிற ஒப்பந்தத்தை உங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறீர்கள்? நான் அதைப் போனில் தேடி எடுத்து வாசித்தேன். ஒன்பதாவதோடு நின்றுபோன இங்கிலீஷையும் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு, இரண்டு மத்தியானம். சாரம் இவ்வளவுதான்: கேமை உனக்கு விற்கவில்லை, ஆட அனுமதி தந்திருக்கிறோம். முதலில் எண்ணை அடித்தவரின் கணக்குக்கு மட்டும். வேண்டாமென்று பட்டால் அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

"அனுமதிக்கா இவ்ளோ பெரிய டப்பா போட்டுக் குடுத்தான்?" என்றார் அக்கா.

"மதினியோட பாஸ்வேர்டப் போட்டா இங்கயும் ஓடும் யக்கா. ஆனா அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கான். கண்டுபிடிச்சா கணக்கையே மூடிருவானாம்."

"பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாக் குத்தமா? அப்படி ஒரு ஆளு லேபர் கேம்ப்ல குடியிருக்க முடியுமா, ஏட்டி?"

முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். நேரே மதினி வீடு. என்ன ஆகப்போகிறதோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

மதினி ரேஸின் நடுவில் இருந்தார். திரும்பவில்லை. அக்கா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். எங்கள் சந்தில் மன்னிப்பை யாரும் வார்த்தையால் கேட்பதில்லை.

"அந்தா நிக்கே, செவப்புக் காரு... அத எடேன்."

"அதுக்குப் பூட்டுல்லா போட்டுருக்கான்," மதினி திரையைப் பார்த்தே சொன்னார். "தனியா ரூவா கட்டணுமாம். பாலத்து மேல போற ரோட்டுக்கும் தனியாவாம்."

"நல்ல கூத்து! கோலிய வாடகைக்கு விட்டுட்டுக் கதவுக்குத் தனி வாடகை கேக்க மாதிரில்லா இருக்கு!"

மதினி சிரித்துவிட்டார். கார் சுவரில் முட்டியது.

"நகரு. இந்த வளைவுல நீ எப்பவும் முட்டத்தான் செய்வ," என்று அக்கா கண்ட்ரோலரைப் பிடுங்கினார். மதினி விட்டுக்கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாகச் சொல்வேன். கேம் செய்கிறவர்கள் சம்பாதிக்கட்டும். கூடுதல் காருக்குக் கூடுதல் காசு கேட்கட்டும், வாங்குவதும் விடுவதும் நம் இஷ்டம். ஆனால் விற்கவில்லை, அனுமதிதான் என்றால், அதை டப்பாவின் மேலே படத்துக்குச் சமமான பெரிய எழுத்தில் போட வேண்டாமா? எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடக் கம்பெனி மேல் முதலில் சந்தேகம் வரவில்லை, பாருங்கள். முகம் தெரியாதவனை நம்பினோம். தினமும் தண்ணீர்க்குடம் தூக்கிவிடுகிறவளைச் சந்தேகப்பட்டோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நேற்று மூன்று பேரும் அதே கடைக்குப் போனோம். அக்கா ஒரு புது டப்பாவை எடுத்து, தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதருகே வைத்து ஆட்டினார். "ஆன்ட்டி, ஏ நாரியல் ஹை க்யா?" தேங்காயா இது என்று கடைக்காரர் சிரித்தார். "கோல்கே திகாவ்," திறந்து காட்டு என்றார் அக்கா. புது டப்பாவைத் திறந்து காட்ட முடியாதாம். அக்கா அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பழைய டிஸ்க்குகள் இருந்த தட்டுக்குப் போனார். ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்து, கீறல் பார்த்து, அதில் தெரிந்த தன் முகத்தில் பொட்டையும் சரிசெய்துகொண்டார்.

பிறகு டிஸ்க்கை மதினியிடம் நீட்டினார்.

"மொத வாரம் நீயே வச்சுக்கோ."

எனக்கு மூன்றாவது வாரம். அதற்குள் கீறல் விழுந்துவிடுமோ என்று இப்போதே கவலையாக இருக்கிறது... ஆனால் இது என் சொந்தக் கவலை, எந்தக் கம்பெனியும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது!