ஆவி விட்ட வைக்கோல் கும்பி

1961 மாசி 12, ஞாயிற்றுக்கிழமை. வட்டக்கச்சியில் வழக்கம்போல விடிய எழும்பி, பசுவைக் கறந்து, பனங்கட்டியோடு தேத்தண்ணி குடித்தேன். பிறகு வளவின் பின்பக்கம் போய்க் கூட்டெருக் கும்பியைப் புரட்டத் தொடங்கினேன்.

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் பாயும் காணிக்காரர் எல்லாரும் வைக்கோலை வயலிலேயே கொளுத்திவிடுவார்கள். நான் மட்டும் சிறுபோக வைக்கோலைப் பூவரசங் குழையும் சாணமும் சேர்த்து, நனைத்து, எருவாக மக்கட்டும் என்று கும்பியாக அடுக்கியிருந்தேன். சித்திரையில் மேட்டுக்காணியில் மிளகாய் நட, அதை விட்டால் எனக்கு வேறு எரு இல்லை. விவசாயப் போதனாசிரியர் விளக்கியிருந்தார்: கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் சுரக்கும் நொதியங்கள்தான் வைக்கோலின் நாரைக் கரைக்கின்றன. அந்த வேலையில்தான் கும்பி சுடுகிறது. உள்ளே காற்றுப் போகாவிட்டால் அவை அடங்கிவிடும்.

அன்று நல்ல பனி. பாதி புரட்டியதும் கும்பி வெள்ளையாக ஆவி விட்டது. சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிடக் குசினிக்கு ஓடினேன். இருவரும் திரும்பி வந்தால், பக்கத்துக் காணிக்காரர் கிணற்றுக்கும் கும்பிக்குமாக வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை, அணைச்சுப்போட்டன்!"

"என்னத்தை ஐசே அணைச்சனீர்?"

"நெருப்பைத்தான். உங்கடை கூரை கிடுகெல்லே!"

"அது புகையில்லை ஐசே, ஆவி!"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "இன்னும் ரெண்டு வாளி ஊத்தியிருந்தால் நாத்தே நட்டிருக்கலாம்."

நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடிப்போனது. "அப்ப, அந்தச் சீவன்களை நான் சாக்காட்டிப்போட்டனோ?"

எனக்கும் அதே பயம்தான். கும்பி அடியால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கை வைத்தால் குளிர்ந்தது.

ஈரமானதையெல்லாம் பிரித்து வெயிலில் பரப்பினோம். அவர் தான் கொளுத்த வைத்திருந்த காய்ந்த வைக்கோலைத் தலையில் சுமந்து வந்து கொட்டினார். பின்னேரம் புதுச்சாணமும் கலந்து மூன்று பேருமாகத் திரும்ப அடுக்கினோம். மனைவி மேலே தட்டிச் சமன் செய்யப் போனா.

"அமத்தாதேங்கோ அக்கா, அதுகள் மூச்சு விடட்டும்."

"பாருங்கோவன், காலமை கொல்ல வந்தவர் பின்னேரம் வைத்தியம் பாக்கிற பரியாரி!"

அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த நாள் விடிய நான் போனபோது, அவர் எனக்கு முதலே கும்பியடியில் குந்தியிருந்தார். வலது கை முழங்கை வரை உள்ளே.

"சுடுது அண்ணை! சத்தியமாச் சுடுது!"

முதல் வேலையாக நானும் பக்கத்தில் குந்தி, கையை உள்ளே விட்டேன்.