பொலி சொல்லிப் பிடித்த பூச்சி

மடுல்சீமைப் பக்கம் எங்கள் தோட்டத்தின் உச்சியில், நாலு புறமும் தேயிலை சூழ்ந்த ஒரு புல்திட்டு இருக்கிறது. அது ஒரு தீவு என்பது என் கட்சி. தேயிலையைத் தாண்டிப் போகாத வெட்டுக்கிளிக்கும் சுவர்க்கோழிக்கும் அந்தப் புல்தான் உலகம். இப்படியான திட்டுகளில் என்னென்ன பூச்சிகள் வாழ்கின்றன என்று கணக்கெடுப்பதுதான் பல்கலைக்கழகத்தில் எனக்குக் கொடுத்த வேலை. "பூச்சி புடிக்கவா இம்புட்டுப் படிச்ச?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை.

அந்தத் திட்டை வெட்டி யூகலிப்டஸ் நடப் போவதாகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவருடைய ஆபீசிலேயே சண்டை பிடித்தேன். தேயிலையில் இல்லாத ஒரு பூச்சியாவது அங்கே இருந்தால் நாளைக்குள் கொண்டுவந்து காட்டும்படி சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

இருந்தது. இரண்டு தரம் கத்திவிட்டு நிறுத்தும் ஒரு சுவர்க்கோழி. அந்தக் குரலைத் தேயிலைக்குள் நான் கேட்டதே இல்லை. ஆனால் நான் ஒரு பக்கம் போனால் அது மறு பக்கம் ஓடியது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவிடம் புலம்பினேன்.

"நாங்க வாறோம், வா" என்றார் அம்மா. கூடவே கொழுந்தெடுக்கும் பக்கத்து வீட்டுச் சித்தியையும் இழுத்துக்கொண்டார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக்கூட இருவரும் அவிழ்க்கவில்லை. தேயிலை மலையில் நிற்பது போலவே ஆளுக்கொரு நிரை பிடித்து நின்றார்கள். பூச்சி கத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் அடி வைத்ததும் இரண்டு பேரும் ஒரே குரலில், "பொலியோ பொலி!" என்றார்கள்.

காலையில் மலைக்குள் இறங்கினால், விளைச்சல் பெருகட்டும் என்று பொலி சொல்லாமல் முதல் கொழுந்தைக் கிள்ள மாட்டார்கள். பழகிய வாய்! திட்டு முழுவதும் கப்சிப்.

"ஐயோ, கெடுத்தீங்களே!" என்று கத்தினேன்.

"பொலி சொல்லாம எப்புடிடீ கை வைக்கிறது?" என்றார் சித்தி. அம்மாவின் முகம் வாடிவிட்டது. நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

புல்லிலேயே உட்கார்ந்தோம். காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் தராசுவரைக்கும் ஓயாமல் பேசும் இரண்டு பேர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. பனிமூட்டம் ஏறி வந்தது. வெளிச்சம் போய்விடுமே என்று நான் தவித்தபோது, சித்தியின் காலடியிலேயே அது இரண்டு தரம் கத்தியது. சித்தி மூச்சுக்கூட விடவில்லை. அம்மா இடுப்புப் படங்கை அவிழ்த்து மெதுவாக மூடினார். நான் கையை உள்ளே விட்டுப் பூச்சியைப் போத்தலில் போட்டேன்.

"பொலியோ பொலி!"

கத்தியது நான்தான்.

"இப்ப யாரு வாயாடி?" என்று அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

மறுநாள் துரை போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சி அவர் மேசையிலேயே கத்திக் காட்டியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டு அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அதைத் திரும்ப விடப் போனபோது, போத்தலை அம்மாதான் வாங்கிக்கொண்டார். புல்லோரம் குனிந்து மூடியைத் திறந்தார். மற்றப் பூச்சிகள் கத்திக்கொண்டே இருந்தன. ஒன்றும் மிரளாதபடி, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் அம்மா அதனிடம் சொன்னார்: "பொலி... பொலி..."